பழைய விலாசம்

நம் சமையற்கட்டில், அடுப்பிற்கு இடப்புறமாக ஓர் இழுப்பறை உண்டு. மின்சாரக் கட்டணச் சீட்டுகள், மருந்துக் கடை ரசீதுகள், எந்தப் பூட்டுக்கு உரியவை என்று எவருக்கும் தெரியாத சாவிகள், ரப்பர் வளையங்கள் ஆகிய யாவும் அதற்குள் அடைக்கலம் புகுவது வழக்கம். 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் பத்தொன்பது நாள்கள், ஓர் இளைஞருடைய வழக்கும் அதற்குள் கிடந்தது. அதை அங்கே வைத்த கை நம்முடையதுதான். அதனாலேயே இதை எழுத நேர்ந்தது.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள மகனுடைய இல்லத்தில் ஆண்டின் பெரும்பகுதியைக் கழித்து வருகிறோம். 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மகனுடைய நண்பர் ஒருவர் அந்தத் தம்பியை நம் வாயிலில் கொண்டுவந்து விட்டார். இலங்கையின் வடமேற்கு மாகாணத்தைச் சேர்ந்தவர். வயது இருபத்தாறு. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 21 அன்று ஈஸ்டர் திருநாளில் அந்நாட்டில் குண்டுகள் வெடித்ததும், அடுத்த மாதமே குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் கும்பல்கள் முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கியதும் வாசகர்கள் அறிந்தவையே. குற்றம் செய்தவர்கள் சிலர். எரிந்தவையோ குற்றத்தோடு எவ்விதத் தொடர்புமற்ற குடும்பங்களின் பிழைப்பு. தம்பியின் வாப்பா வைத்திருந்த துணிக்கடை அவ்வாறு எரிந்தவற்றுள் ஒன்று. அதன்பின் வந்த மிரட்டல்களையும் அவர் ஊரை விட்டு வெளியேறிய விதத்தையும் இங்கே எழுதுவதற்கில்லை. அவை அவருடைய வழக்கின் உள்ளடக்கம். பல நாடுகளைக் கடந்து அமெரிக்காவின் தென் எல்லையை அடைந்தார், காவலில் வைக்கப்பட்டார், ஊர் திரும்ப அஞ்சுவதில் நியாயம் உண்டா என்று அதிகாரி ஒருவர் விசாரித்து, உண்டு என்று கண்டபின் விடுவிக்கப்பட்டார்.

விடுவிக்கும்போது, எங்கே தங்கப் போகிறாய் என்று கேட்டார்களாம். நண்பர் வழியாகக் கிடைத்திருந்த நம் வீட்டு விலாசத்தை அவர் சொன்னார். அவ்வாறாக, நாம் முகம் பார்ப்பதற்கு முன்னமேயே நம்முடைய வீட்டு எண் அவருடைய பெயருக்குக் கீழே அரசாங்கத் தாளில் ஏறிவிட்டிருந்தது.

அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள் ஒரு தாள். நீதிமன்றத்தில் முன்னிலையாகுமாறு கூறும் அறிவிப்பு. ‘ஏ’ என்னும் எழுத்தில் தொடங்கி ஒன்பது இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று அதன் தலைப்பில் இருந்தது. நூவர்க்கிலுள்ள குடிவரவு நீதிமன்றத்திற்கு 2024-ஆம் ஆண்டு நவம்பரில் வரவேண்டும் என்று நாளும் நேரமும் குறித்திருந்தார்கள். இரண்டே முக்கால் ஆண்டுகள் இருக்கின்றனவே என்று நாம் பெருமூச்சு விட்டோம். அறிவிப்பின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்ததை அன்று நாம் வாசிக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் மாணவர்களுக்கு, ‘வினாத்தாளின் பின்பக்கத்தையும் பார்’ என்று சொல்லிக்கொடுத்தவர் நாம்!

பத்து மாதங்கள் நம் வீட்டில் இருந்தார். நம்மை ‘மாமா’ என்றும் துணைவியாரை ‘மாமி’ என்றும் அழைப்பார். புகலிடம் கோரும் மனுவை, ஓர் அறச்சங்கத்தின் உதவியோடு, நம் சாப்பாட்டு மேசையில் அமர்ந்தே எழுதி, நாட்டிற்குள் வந்து ஓராண்டு நிறைவதற்குள் தாக்கல் செய்யவேண்டும் என்னும் விதிப்படி காலத்தோடு தாக்கல் செய்தார். வேலை செய்வதற்கான அனுமதி அட்டை டிசம்பரில் நம் அஞ்சற்பெட்டிக்கு வந்தது. அது வந்த மறுவாரமே, டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலை இருப்பதாகக் கூறி விடைபெற்றார். துணைவியார் ஒரு சம்பல் புட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். துஆச் செய்து அனுப்பினோம்.

ஹூஸ்டன் போனவர் சும்மா இருந்துவிடவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். 2023 ஜனவரியில், ‘ஐஸ்’ என்று எல்லோரும் அழைக்கும் குடிவரவு அமலாக்க அலுவலகத்திற்குக் குறித்த நாளில் நேரில் சென்றார். புதிய விலாசத்தைச் சொன்னார். அலுவலர் கணினியில் பதிந்துகொண்டார். அரசாங்கத்திடம் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியோடு அவர் வேலைக்குத் திரும்பினார். நாம் அவருடைய இடத்தில் இருந்திருந்தாலும் அவ்வாறே நினைத்திருப்போம். அரசாங்கம் ஒன்றுதானே!

ஒன்று அன்று என்பதைப் பின்னர்தான் கற்றுக்கொண்டோம். குடிவரவு நீதிமன்றங்கள் அமெரிக்க நீதித் துறையின் கீழ், 1983-இல் ஏற்படுத்தப்பட்ட ஒரு தனி அலுவலகத்தைச் சேர்ந்தவை. ஒருவரைப் பிடிப்பதும், விடுவிப்பதும், நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக வாதாடுவதும் 2003 முதல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த அமலாக்கப் பிரிவின் வேலை. வேலை அனுமதி அட்டை வழங்குவது அதே துறையில் வேறொரு பிரிவு. இம்மூன்றும் மூன்று கடைகள். மூன்றுக்கும் மூன்று கணக்குப் பேரேடுகள். ஒரு கடையில் சொன்னது மறு கடைக்குப் போய்ச் சேரும் என்று எவரும் உத்தரவாதம் தருவதில்லை. குடிவரவுச் சேவைப் பிரிவுக்கு ‘ஏ.ஆர்.-11’ என்னும் படிவம். வீடு மாறிய பத்து நாள்களுக்குள் தரவேண்டும். நீதிமன்றத்திற்கு ‘இ.ஓ.ஐ.ஆர்.-33’ என்னும் வேறு படிவம். அதற்குத் தவணை ஐந்தே நாள்கள். தொலைபேசி எண் மாறினாலும் அதே படிவம்தான். அதன் பிரதி ஒன்றை எதிர்த்தரப்பான அரசு வழக்கறிஞர் அலுவலகத்திற்கும் சேர்ப்பிக்கவேண்டும். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமாக வழக்கில் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படிவம், கைக்குழந்தைக்கும்கூட. இவற்றைத்தான் அந்தப் பின்பக்கச் சிறிய எழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

அஞ்சல் நிலையத்தில் விலாச மாற்றம் எழுதிக் கொடுத்தால் ஓராண்டுக் காலம் கடிதங்களைப் புதிய இடத்திற்குத் திருப்பி அனுப்புவார்கள். அதையும் தம்பி செய்திருக்கவில்லை. செய்திருந்தாலும் அது கடிதத்திற்கான ஏற்பாடேயன்றி, நீதிமன்றத்திற்குச் சொன்னதாக ஆகாது.

இனி அந்த உறைக்கு வருவோம்.

2023 மார்ச்சில் நோன்புக்காக ஊருக்குப் போயிருந்தோம். பெருநாள் முடித்து மே 4 அன்று நியூஜெர்சி திரும்பினோம். நாம் இல்லாத நாள்களில் வந்த அஞ்சலை மகன் ஒரு காய்கறிப் பையில் போட்டு வைத்திருந்தான். பயணக் களைப்புத் தீராமலேயே அதைப் பிரித்தோம். பெரும்பாலும் குப்பை: கடன் அட்டை விளம்பரங்கள், கடைகளின் தள்ளுபடித் தாள்கள். அவற்றின் நடுவே, கண்ணாடித்தாள் சாளரம் வைத்த மெல்லிய உறை ஒன்று. அந்தச் சாளரத்தின் வழியே தம்பியின் பெயர் தெரிந்தது. மூலையில் நீதித் துறையின் பெயர். பதிவு அஞ்சல் அன்று. கையெழுத்துக் கேட்கும் அஞ்சலும் அன்று. தள்ளுபடித் தாளோடு தாளாக வரும் சாதாரணத் தபால். ஒரு மனிதனை நாடு கடத்தும் ஆற்றல் கொண்ட கடிதம் சிவப்பு முத்திரையோடு வரும் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம் போலும்.

அவருடைய கைத்தொலைபேசிக்கு அழைத்தோம். அந்த எண் இயக்கத்தில் இல்லை என்று ஓர் இயந்திரக் குரல் கூறியது. முன்பணம் கட்டும் தொலைபேசிகளில் இது சகஜம்; பணம் தீர்ந்தால் எண்ணும் போய்விடும். நண்பரிடம் கேட்கலாம் என்று நினைத்தோம். உறையைத் திறக்கலாமா என்று துணைவியாரிடம் கேட்டோம். “பிறத்தியார் கடிதத்தை நாம ஏன் பிரிக்கணும்? அது அமானிதமல்லவா?” என்றார் அவர். அமெரிக்கச் சட்டமும் பிறர் கடிதத்தைப் பிரிப்பதைக் குற்றமாகவே கருதுகிறது. ஆகவே, அமானிதத்தைப் பேணும் நல்லெண்ணத்தோடு, அதை இழுப்பறையில் வைத்தோம். நண்பரிடம் கேட்க மறந்தோம்.

இரண்டு சொற்களில் எழுதிவிட்டோம். ஆனால் அந்த மறதியை எவ்வளவு புரட்டிப் பார்த்தும் அதற்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. நோயில்லை, துக்கமில்லை. அந்தப் பத்தொன்பது நாள்களில் நாம் மூன்று முறை நூலகத்திற்குப் போயிருக்கிறோம். மாடியில் தக்காளி நாற்று வைத்திருக்கிறோம். அந்த இழுப்பறையை நாளுக்கு நான்கு முறையாவது திறந்திருப்போம்.

ஜூன் மாதத்தில் அதே போன்ற இன்னோர் உறை வந்தது. அதையும் முதல் உறையின்மேல் வைத்தோம்.

ஜூன் 28 அன்று ஹஜ்ஜுப் பெருநாள். தொழுகை முடிந்து வீடு வந்ததும் புதிய எண் ஒன்றிலிருந்து தம்பி அழைத்தார். ஸலாம் உரைத்து, பெருநாள் வாழ்த்துக் கூறி, மாமியின் சுகம் விசாரித்தார். பேச்சு முடியப்போகும் தறுவாயில், “உமக்கு இரண்டு கடிதம் வந்து கிடக்கிறது தம்பி” என்றோம்.

“பிரிச்சுப் பாருங்க மாமா.”

முதல் உறையைப் பிரித்தோம். 2024 நவம்பரில் இருந்த விசாரணை நாள், 2023 மே 23 செவ்வாய்க்கிழமை காலைக்கு மாற்றப்பட்டிருந்தது. நீதிமன்ற நாள்கள் பின்னே தள்ளிப்போகும் என்பது உலகறிந்தது. அவை முன்னேயும் வரும் என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது. இரண்டாவது உறையைப் பிரித்தபோது கை நடுங்கியது. அழைப்பை அனுப்பியும் வரவில்லை என்பதால், அவர் இல்லாத நிலையிலேயே, அவரை நாட்டைவிட்டு வெளியேற்ற நீதிபதி உத்தரவிட்டிருந்தார். தொலைபேசியில் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, “பரவாயில்ல மாமா, நீங்க என்ன செய்யிற” என்றார். இன்றுவரை அவர் நம்மைப் பார்த்து வேறொரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

நாம் சிறு பிள்ளையாக இருந்தபோது நம் வாப்பா கொழும்புப் புறக்கோட்டையில் கடை வைத்திருந்தார். நம் ஊரிலிருந்து பிழைக்கப் போனவர்களில் பலருக்கு அந்தக் கடைதான் விலாசம். பெயரை எழுதி, ‘மே/பா’ என்று போட்டு, கடையின் பெயரையும் தெருவையும் எழுதினால் கடிதம் வந்து சேரும். கண்டி, மாத்தளை, குருநாகல் என்று எங்கெங்கோ கடைகளில் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம், 786 என்று தலைப்பில் இட்டு ஊரிலிருந்து உம்மாமார் எழுதுவித்த கடிதங்கள் அங்கே வந்து குவியும். வாப்பா ஒரு நீளப் பேரேடு வைத்திருந்தார். கடையை விட்டுப் புறப்படும் எவரும், போகும் இடத்தின் விலாசத்தைத் தம் கையாலேயே அதில் எழுதவேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு வாப்பா எழுதிக் கைநாட்டு வாங்குவார். அது முடியும்வரை சம்பளக் கணக்கைத் தீர்க்கமாட்டார். வந்த கடிதம் அன்று மாலைக்குள் மறு உறையிட்டுத் தபாலில் சேர்ந்தாக வேண்டும். இல்லையேல் கடைப்பையன்களுக்கு வசவு விழும். 1960-களில் கடையை மூடிவிட்டு ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்த பெட்டியில் அந்தப் பேரேடும் இருந்தது. குருநாகல் என்று தலைப்பிட்ட பக்கத்தில் பதினொரு பெயர்கள் இருந்தன. அந்தப் பேரேட்டுக்காரரின் மகன்தான் நாம்.

மகன் ஒரு பெண் வழக்கறிஞரைக் கண்டுபிடித்தான். அவர் நம்மிடம் கடிந்து பேசவில்லை. கேள்விகள் மட்டும் கேட்டார். சட்டம் எவ்வாறு நிற்கிறது என்பதையும் விளக்கினார். அழைப்பை அவர் கடைசியாக நீதிமன்றத்துக்குத் தந்த விலாசத்திற்கு அனுப்பினாலே போதும். அது அவர் கையில் சேர்ந்ததா என்பது இரண்டாம் பட்சம். விலாசத்தைத் தராமலோ, மாற்றத்தைச் சொல்லாமலோ இருந்தவர், ‘எனக்கு அழைப்பு வரவில்லை’ என்று முறையிடுவது கடினம். வராமற் போனதற்கு அசாதாரணக் காரணம் உண்டென்றால் 180 நாள்களுக்குள் மனுச் செய்யலாம். அசாதாரணம் என்றால் சட்டம் கருதுவது கடும் நோய், நெருங்கிய உறவினரின் மரணம் போன்றவற்றை. அறிவிப்பே கிட்டவில்லை என்றால் அதற்குக் கால வரையறை இல்லை. எந்தக் காரணத்தின்மேல் மனு போட்டாலும், நீதிபதி முடிவு சொல்லும்வரை அவரை வெளியேற்ற முடியாது. அது ஒன்றுதான் அன்று நமக்குக் கிடைத்த ஆறுதல்.

அறிவிப்புத் தாள்களின் குறைபாடு பற்றி நாட்டின் உச்ச நீதிமன்றமே 2018-லும் 2021-லும் தீர்ப்புக் கூறியிருந்தது. நாளும் நேரமும் குறிக்காத தாளை முழுமையான அறிவிப்பாகக் கொள்ள முடியாது என்பது அவற்றின் சாரம். நம் தம்பியின் தாளிலோ நாளும் நேரமும் ஒழுங்காகவே இருந்தன. அந்த வாயிலும் அடைபட்டது. அத்தகைய குறையுள்ள தாளைப் பெற்றவர்களுக்குங்கூட, பின்னர் முறையான விசாரணை அறிவிப்பு அனுப்பப்பட்டிருந்தால் குறையைக் காட்டி உத்தரவை நீக்க முடியாதென்று அதே உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் முடிவு செய்தது.

வழக்கறிஞர் நம்மிடம் சத்தியப் பத்திரம் ஒன்று கேட்டார். கடிதம் எப்போது வந்தது, எங்கே வைத்தோம், தம்பிக்கு எப்போது சொன்னோம் என்று உள்ளது உள்ளபடி எழுதித் தரவேண்டும். பொய்யென்றால் அது தண்டனைக்குரியது.

அன்றிரவு நம் வீட்டுக்கு வந்த ஊர்க்காரர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், இவ்வாறு சொன்னார்: “கடிதம் வரவே இல்லைன்னு எழுதிக் குடுத்துடுங்க காக்கா. சாதாரணத் தபாலுக்கு யாரு சாட்சி? பிள்ளையோட உயிர் பிரச்சினை.”

அவர் சொன்னதில் சட்டத்தின் ஒரு துண்டு இருந்தது என்பதே நம்மை அலைக்கழித்தது. சாதாரணத் தபாலில் வந்த அறிவிப்பைப் பற்றிய அனுமானம் பதிவுத் தபாலில் வந்ததைவிடப் பலவீனமானது. அதை மறுக்க இடமுண்டு என்று வழக்கறிஞரே கூறியிருந்தார். அதற்கு மாறாக, 2001-இல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் அளித்த ஒரு தீர்ப்பையும் நமக்கு எடுத்துக் காட்டியிருந்தார். சரியான வீட்டிற்குக் கடிதம் வந்து சேர்ந்து, அந்த வீட்டுக்குள் நடந்த ஏதோ குளறுபடியால் உரியவர் கைக்குப் போகாமல் இருந்துவிட்டால், அறிவிப்புக் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்பது அதன் கருத்து. வீட்டுக்குள் நடந்த குளறுபடி! பல்லாயிரம் வழக்குகளைப் பார்த்துவிட்டு எழுதியவர்கள் நம் இழுப்பறையை எவ்வளவு துல்லியமாக அறிந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. கடிதம் வந்தது என்று நாம் எழுதினால் அந்தத் தீர்ப்பை நம் கையாலேயே தம்பியின் தலைமேல் இறக்குகிறோம். வரவில்லை என்று எழுதினால் பொய்ச் சத்தியம்.

இரவெல்லாம் உறக்கமில்லை. பொய் சொல்லக்கூடாது என்பது வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நாம் சொன்ன பாடம். ஆனால் அந்தப் பாடத்துக்கு விலை கட்டவேண்டியவர் நாமாக இருந்தால் எளிது. இங்கே விலை கட்டப்போகிறவர் வேறொருவர். சுபுஹு தொழுகைக்குப் பின் தம்பியையே அழைத்து, ஊர்க்காரர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னோம். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, “நான் கேஸில சொன்னதெல்லாம் உண்மை மாமா. நீங்க பொய் எழுதினா, அதையும் பொய்யெண்டு நினைப்பாங்க” என்றார். நாம் இரவு முழுதும் தேடிய வார்த்தை, பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை முடித்துவிட்டு வந்தவரிடம் இருந்தது.

உண்மையை எழுதினோம். இழுப்பறை, பயணம், தொலைபேசி, மறதி எல்லாவற்றையும். தம்பி அப்போது நம் வீட்டில் குடியிருக்கவில்லை, அந்தக் கடிதத்தை அவர் கண்ணாலும் காணவில்லை என்பதையும் எழுதினோம். வழக்கறிஞர் அதோடு இன்னொன்றைச் சேர்த்தார். ஹூஸ்டன் அமலாக்க அலுவலகத்தில் 2023 ஜனவரியில் தம்பி கையெழுத்திட்டு வந்த நாளின் பதிவை வரவழைத்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் எந்தத் துறையைச் சேர்ந்தவர்களோ, அதே துறையின் கணினியில், விசாரணைக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே, அவருடைய சரியான விலாசம் இருந்தது. ஒளிய நினைத்தவன் விலாசம் சொல்லிக்கொண்டு நேரில் போய் நிற்பானா என்பது அவருடைய வாதம். அரசுத் தரப்பு எதிர்க்கவில்லை. 2024 பிப்ரவரியில் நீதிபதி வழக்கை மீண்டும் திறந்தார். பின்னர் வேறொரு மனுவின்மேல் அது ஹூஸ்டன் நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது. விலாசம் மாறிவிட்டதாகப் படிவம் கொடுத்தால் நீதிமன்றம் தானாக மாறிவிடாது, அதற்குத் தனி மனு வேண்டும் என்பதும் அப்போது கற்ற பாடம்.

இது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இதே நிலையில் உள்ள இன்னொருவருக்கு இன்னொரு நீதிபதி கதவைச் சாத்தியிருக்கலாம். அவ்வாறு சாத்தப்பட்டால் உத்தரவு நிலைத்து நிற்பதோடு, விசாரணைக்கு வராத குற்றத்திற்காகவே பத்து ஆண்டுகளுக்குப் பல சலுகைகளைக் கேட்கும் தகுதியும் போய்விடும்.

வாசகர்களில் சிலர், ஏன் விலாசத்தைக் கொடுக்கவேண்டும், கொடுத்தால் தேடிவந்து பிடிக்கமாட்டார்களா என்று கேட்கக்கூடும். நம் பள்ளிவாசலிலும் அவ்வாறு கேட்டவர்கள் உண்டு. அந்த அச்சத்தைப் பழிக்க நமக்கு மனமில்லை. இந்நாட்டில் குடியுரிமை இல்லாதவர்கள் ஆண்டுதோறும் ஜனவரியில் தங்கள் விலாசத்தை அரசுக்கு எழுதவேண்டும் என்ற விதி 1981-இல்தான் நீங்கிற்று. 2002-இல் இருபத்தைந்து நாடுகளைச் சேர்ந்த ஆண்களைத் தனியே பதிவு செய்யச் சொன்னபோது, வடகொரியா நீங்கலாக மற்றவையெல்லாம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளாகவே இருந்தன. இந்தியாவும் இலங்கையும் அப்பட்டியலில் இல்லை. பங்களாதேஷும் பாகிஸ்தானும் இருந்தன. நேர்மையாகப் பதியப் போனவர்களில் பலர் அதன் விளைவாகவே வெளியேற்ற வழக்குகளில் சிக்கினார்கள். 2025-இல் நியூயார்க் நகரில் குடிவரவு நீதிமன்றத்தின் தாழ்வாரத்திலேயே, விசாரணைக்கு வந்தவர்களை முகமூடி அணிந்த அலுவலர்கள் கைது செய்ததைத் தொலைக்காட்சியில் கண்டோம். அஞ்சாதே என்று சொல்வது நமக்கு எளிது.

ஆயினும் அந்த அச்சத்தின் பெயரால் விலாசத்தை மறைப்பவருக்கு என்ன நேர்கிறது என்பதையும் அந்த இரண்டாவது உறையில் பார்த்துவிட்டோம். வழக்கு நடக்கும்போது அவர் வழக்காடுபவர். வாதம் இருக்கிறது, சாட்சி இருக்கிறது, மேல்முறையீடு இருக்கிறது. வராத நாளன்று அவை அத்தனையும் ஒரே தாளில் முடிந்துபோகின்றன. தம்பியின் வாப்பாவுடைய கடை எரிந்ததைப் பற்றி அந்த நீதிபதி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இப்போது நம் வீட்டில் ஒரு நீளப் பேரேடு இருக்கிறது. மகன் சிரிக்கிறான், கைத்தொலைபேசியில் எல்லாம் இருக்கிறதே என்கிறான். இருக்கட்டும். பள்ளிவாசலில் அறிமுகமாகி, நம் விலாசத்தைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் இன்னும் வருகிறார்கள். மறுப்பதில்லை. ஆனால் அவர்களுடைய பெயரை அஞ்சற்பெட்டியின் உட்புறத்தில் ஒட்டுகிறோம். பெயர் இல்லாவிட்டால் சில தபால்காரர்கள் கடிதத்தைத் திருப்பிவிடுகிறார்கள். மாடிவீட்டு எண்ணை விடாமல் எழுதச் சொல்கிறோம். வரும் உறையைப் பிரித்துப் படித்துச் சொல்லலாம் என்று அவர்களிடமே ஒப்புதல் எழுதி வாங்கிக்கொள்கிறோம். அமானிதம் என்று நாம் பேணியது அமானிதமாக இருக்கவில்லை. நாம் தொடர்பு கொள்ள முடியாவிட்டால் யாரை அழைப்பது என்று இரண்டு எண்கள் கேட்கிறோம். திங்கள்தோறும் காலையில், ஒவ்வொருவருடைய ஒன்பது இலக்க எண்ணையும் சொல்லி, நீதிமன்றத்தின் தானியங்கித் தொலைபேசியில் அடுத்த விசாரணை நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். கடிதம் வரட்டும் என்று காத்திராமல் நாமே கேட்கலாம் என்ற இந்த வசதி 2023 மே மாதத்திலும் இருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பு; இரண்டு நிமிடம்.

தம்பியின் வழக்கு இன்னும் முடியவில்லை. சென்ற மாதம் அவர் அதே தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடி மாறினார். அன்று மாலையே அழைத்து, மூன்று இடங்களுக்கும் படிவம் அனுப்பிவிட்டதாகவும், நீதிமன்றத்தின் பிரதி ஒன்றை நமக்கும் தபாலில் போட்டிருப்பதாகவும் சொன்னார். நமக்கு எதற்கு என்றோம். “உங்கட கொப்பியில எழுதுங்க மாமா” என்றார். நேற்று அது வந்தது. பேரேட்டில் அவருடைய பக்கத்தை எடுத்து, பழைய விலாசத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்து, அடியில் புதியதை எழுதினோம். வீட்டு எண்ணில் ஓர் இலக்கம்தான் வேறு.